சத்தம் வருது, படம் வரல

— ஐயய்யோ, காது கிழியுது தம்பி! கொறைங்க, கொறைங்க! வயித்துப் பிள்ளைக்காரி இருக்கிற வீடு!

— மன்னிச்சுக்கங்கய்யா, ரிமோட்டு கை தவறி அமுங்கிருச்சு. பாருங்க, சத்தம் கணீர்னு வருது. படந்தான் கறுப்பா நிக்குது. எப்பலேருந்து இப்படி?

— நேத்துலேருந்துதாண்ணே. மாமா பாட்டுக்குப் படமே இல்லாம நியூஸ் கேட்டுக்கிட்டு ஒக்காந்திருக்காரு.

— அதுக்கென்ன ரம்யா, ரேடியோன்னு நெனச்சுக்கிட்டாப் போச்சு. ஒன்னைய யாரு கேபிள்காரரக் கூப்பிடச் சொன்னது? ஒன் போனே ரிப்பேருக்குப் போயிருக்கு.

— பக்கத்து வீட்டு சொர்ணவல்லி அக்கா போன்ல பேசினேன் மாமா.

— சொர்ணவல்லியா... அவ ஒண்ணும் சொல்லலியே?

— என்னத்தச் சொல்லணும்?

— ஒண்ணுமில்ல ஆத்தா. தம்பி, டிவி பழசு. விட்டுட்டுக் கெளம்புங்க.

— இருங்கய்யா, வந்ததுக்குப் பார்த்துட்டே போறேன். இந்தச் செம்மல் கை வச்சு படம் வராத டிவி ஆலங்குடி வட்டாரத்துலயே கெடையாது. பாக்ஸுல லைட்டு எரியுது, டிவியும் நல்லாருக்கு. அப்ப ரெண்டுக்கும் நடுவுல போற ஒயர்தான். இங்க பாரு தங்கச்சி, செவப்பும் வெள்ளையும் சத்தத்துக்கு. மஞ்சதான் படத்துக்கு. அந்த மஞ்ச மட்டும்... அட! பின்னு ஒடிஞ்சு உள்ளயே கெடக்கு. தானா ஒடியாதே இது. யாரோ கொறடு வச்சுத் திருகின மாதிரில்ல இருக்கு.

— எலி கடிச்சிருக்கும்.

— கொறடு பிடிக்கிற எலியாங்கய்யா?

— ஏண்ணே, இதென்ன, நீங்க வந்ததுலேருந்து நாயனம் அழுதுக்கிட்டே இருக்கு?

— அது எங்க லோக்கல் சேனல் தங்கச்சி. கண்ணீர் அஞ்சலி ஓடுது. போட்டோவும் எழுத்தும் வரும், பின்னாடி இந்த நாயனம். வெளிநாட்டுல எறந்துபோன பையனாம். கூட்டாளிங்க வந்து போடச் சொன்னாங்க.

— பாவம். யாரு பெத்த பிள்ளையோ.

— தம்பி, போதும். பேச்ச விடுங்க.

— பேச்சு எதுக்குங்கய்யா, கையிலயே புது ஒயர் இருக்கு. மாட்டினேன்னா படம் பளிச்சுனு... ஏங்கய்யா, கையப் பிடிக்கிறீங்க?

— ரம்யா, தம்பிக்கு ஒரு டீ போட்டுக் கொண்டா ஆத்தா. அவசரமில்ல, நெதானமாப் போடு.

— சரி மாமா.

— போயிட்டாளா? தம்பி, அந்த ஒயர மாட்டிராதீங்க. அந்த நாயனம் யாருக்கு அழுகுது? பேரச் சொல்லுங்க பார்ப்போம்.

— அருண்குமாருன்னு... சிவசாமி மகன்னு போட்டிருந்துச்சு. ஐயா! இந்தக் கனெக்சன் எந்தப் பேருல இருக்கு?

— எம் பேருலதான். சிவசாமி.

— கடவுளே!

— குவைத்துல ராத்திரி படுத்தவன் எந்திரிக்கல. பொட்டி வந்து சேர இன்னும் எத்தனையோ ஆபீஸ் ஏறி எறங்கணுமாம். இவளுக்கு நெறமாசம். போன பிரசவத்துல ரத்தக் கொதிப்பு ஏறி, பிள்ளை தங்கல. இவ பொழச்சதே பெருசு. அதிர்ச்சியா எதையும் காதுல போட்டுராதீங்கன்னு டாக்டரம்மா கண்டிச்சுச் சொல்லியிருக்காங்க. அதான் தெருவுல வீடு வீடாப் போயி, பிள்ளை பொறக்குற மட்டும் வாயத் தொறக்காதீங்கன்னு கும்பிட்டேன். இவ போன எடுத்து ஒளிச்சேன். நேத்து திடுதிப்புனு எம் மகன் மூஞ்சி டிவியில வருது! நல்லவேளை, அவ கொல்லையில துணி காயப் போட்டுக்கிட்டிருந்தா. டிவிய அமத்தினா ஏன் மாமான்னு கேட்டு மறுபடி போட்டுருவா. படத்த மட்டும் சாகடிச்சாப் போதும்னு பட்டுச்சு. அஞ்சலிக்கு வாய் கெடையாதுல்ல தம்பி?

— நாந்தான்யா அதப் போட்டேன். வீட்டுக்காரங்கள ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கூட்டாளிங்க அழுதுக்கிட்டு வந்து நிக்கவும், செத்தவனுக்கு மரியாதைன்னு ஒடனே ஓட விட்டுட்டேன். இப்பவே போயி நிறுத்திர்றேன்.

— நிறுத்துங்க. இது இனிமே தேறாதுன்னு அவகிட்டச் சொல்லிட்டுப் போங்க. நீங்களும் எங்கூடச் சேர்ந்து ஒரு பொய் சொல்லுங்க தம்பி. ஒத்தையில சொல்லிச் சொல்லி எனக்கு மூச்சு முட்டுது. மாட்டுக் கொட்டகைக்குப் போயி அழுதுட்டு, மொகத்தக் கழுவிட்டு வாரேன் தெனமும்.

— கண்ணத் தொடச்சுக்கங்கய்யா. டம்ளர் சத்தம் கேக்குது.

— டீ எடுத்துக்கங்கண்ணே. மாமா, ஒங்களுக்குச் சீனி போடல. கண்ணு ஏன் செவந்து கெடக்கு?

— டிவிக்குப் பின்னாடி ஒட்டடை ஆத்தா. தூசி விழுந்துருச்சு.

— படம் வந்துச்சாண்ணே?

— இல்ல தங்கச்சி. பாக்ஸே போயிருச்சு. வேற பாக்ஸ் வர நாளாகும். அது வரைக்கும் சத்தத்தக் கேட்டுக்கங்க.

— ஒயர்னு சொன்னீங்க?

— அப்படித்தான் நெனச்சேன். செம்மல் கையும் சில நேரம் தோத்துரும்மா.

— சரிண்ணே, பார்த்துப் போங்க. மாமா, நெஞ்சு மாத்திரையப் போட்டுட்டுச் செத்த நேரம் படுங்க. அடடா, அண்ணன் டெஸ்டர விட்டுட்டுப் போறாரு. குடுத்துட்டு வாரேன்.

— வாசப்படி வழுக்கும், பையப் போ ஆத்தா.

— அண்ணே! வண்டிய எடுக்காதீங்க, ஒரு நிமிசம்.

— நீ ஏம்மா இந்த வெயில்ல வந்த? குரல் குடுத்தா நானே வந்திருப்பேன்ல?

— உள்ள வச்சுப் பேச முடியாதுண்ணே. நெஞ்சுல ஆப்பரேசன் பண்ணின மனுசன். நா ஒங்களக் கூப்பிட்டது டிவிக்காக இல்ல.

— பின்ன எதுக்கும்மா?

— சொர்ணவல்லி அக்கா வீட்டுல, அவங்க அடுப்படியில இருந்தப்ப, ஒங்க சேனலப் பார்த்தேன். மாமாவுக்கு இன்னும் விசயம் தெரியாதுண்ணே, என்னிக்காவது அந்த அஞ்சலி அவரு கண்ணுல பட்டா தாங்க மாட்டாரு. அத நிறுத்திருங்க. முடியலன்னா, அந்தப் போட்டோவுல எங்க வீட்டுக்காரர் தோள்ல, வெட்டுப்படாம ஒட்டிக்கிட்டிருக்கே ஒரு வளையல் கை, அத மட்டுமாச்சும் எடுத்துருங்க... அது என் கை.