சாக்பீஸ் வட்டம்

பழைய பாய்மரப் படகு வாங்குகிறவர்கள் முதலில் பெயிண்டைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள், ஐயா. பெயிண்டில் ஒன்றுமில்லை. மரச்சுத்தியலால் அடிப்பலகையைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல பலகை கணீரென்று பதில் சொல்லும். உளுத்த பலகையில் பொத்தென்று கேட்கும். அந்த இடத்தில் நான் சாக்பீஸால் வட்டம் போடுவேன். தச்சநல்லூர் இசக்கி வட்டம் போட்ட படகைத் தூத்துக்குடியில் யாரும் விலை பேச மாட்டார்கள். முப்பது வருஷமாகச் சம்பாதித்த பெயர்.

சேரன்மகாதேவி ஸ்ரீராகவ் தம்பி தங்கமான பையன். வெளிநாட்டு வேலையை விட்டு வந்தவர், மனைவி விஜயஸ்ரீயோடு கரையோரமாகவே கன்னியாகுமரி வரை பாய் விரித்துப் போக ஆசைப்பட்டார். பார்த்து வைத்திருந்ததும் லட்சணமான படகுதான். இரண்டு பேர் படுக்க இடம், சமைக்க ஓர் அடுப்பு, கிழியாத பாய். அத்தனையையும் மனதாரப் பாராட்டினேன்.

அடிக்கட்டையோடு பலகை சேரும் இடத்தில், ஒரு சாண் நீளத்துக்குச் சத்தம் செத்திருந்தது. சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்தேன். அதற்குள் தம்பி, ஈரம் பார்க்கும் மெஷினை அதே இடத்தில் வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. உளுத்த மரம் காய்ந்தும் இருக்கும், மெஷினுக்கு அது தெரியாது. தம்பி சிரித்துக்கொண்டே என் தோளைத் தட்டினார்.

"காதுக்கும் வயசாகும்லா அண்ணாச்சி."

கூட நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். எனக்குக் கோபமெல்லாம் இல்லை. சாக்பீஸைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்.

விஜயஸ்ரீ மட்டும் பிறகு தனியாக வந்து கேட்டாள். "நீங்க சொல்லுங்க அண்ணாச்சி, நம்பி ஏறலாமா?"

"மெஷினே சொல்லுதுல்லா. ஏறும்மா" என்றேன். அதில் பொய் இருந்தால் காட்டுங்கள்.

கிளம்பிய அன்று கயிற்றை அவிழ்த்துவிட்டதும் நான்தான். அலை கொஞ்சம் கூடுதலாக இருந்தது. பலகை அரை நாள் தாங்கும் என்று கணித்தேன், அப்படியே தாங்கியது. தம்பியை மீனவர்கள் உயிரோடு தூக்கி வந்தார்கள். விஜயஸ்ரீயின் உடல் கிடைக்க மூன்று நாளானது. வருத்தம் இல்லாமல் இருக்குமா? இரண்டு வேளை நான் சாப்பிடவில்லை.

தெரிந்தேதான் அனுப்பினேன். எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் படகைக் கரைக்கு இழுத்து வந்திருக்கிறீர்களே, அந்தப் பலகையை ஒரு தரம் பாருங்கள். நான் சொன்ன இடத்தில்தான், ஒரு சாண் நீளத்துக்குத்தான் பிளந்திருக்கும். அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. என் காதில் ஒரு குறையும் இல்லை.