தங்கம்மாளின் ஆறு சீட்டுகள்

தலைமை ஏற்றிருக்கும் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் ஊழியர் சங்கத் தோழர்களே, நாகையிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்திருக்கும் குடும்பத்தாரே, தாய்மார்களே, பெரியோர்களே!

நம் ஆய்வுக்கூட நுட்பநர், மதிப்பிற்குரிய காயாரோகணம் மறைந்துவிட்டார். எனக்கு முன்னால் பேசியவர்கள் அவரைச் சாது என்றார்கள், பொறுமைசாலி என்றார்கள். யாரைச் சொல்கிறீர்கள்? பதினேழு வருடம் அவரோடு வேலை பார்த்த டாக்டர் நான். மகா கோபக்காரர் அய்யா அவர்! அதில் பாதிக் கோபம் என் மேல்தான். அது ஏன் என்று இன்றைக்காவது சொல்லிவிடுகிறேன்.

கூலிப் போராட்டம் முற்றியிருந்த வருடம். மிராசுதார் ஆட்கள் அடித்துவிட்டார்கள் என்று தினமும் நாலு பேர் வருவார்கள். பின்னாலேயே போலீஸ் வந்து காயச் சான்று கேட்கும். எனக்கு அலுத்துப் போயிருந்தது. அப்போதுதான் மூட்டெல்லாம் வலிக்கிறது என்று பூதலூர்ப் பக்கத்திலிருந்து தங்கம்மாள் வந்தார், நடவு வேலை செய்கிறவர். நான் எதைப் பார்த்தேன்? அடிபட்ட தடம் இருக்கிறதா என்று பார்த்தேன்! "வெளிக்காயம் இல்லை" என்று சீட்டில் எழுதி, வலி மாத்திரை கொடுத்து அனுப்பினேன். அடுத்த முறை கன்னத்தில் கறுப்பாகப் படர்ந்திருந்தது, மங்கு என்றேன். பிறகு கால் வீங்கி வந்தார். சேற்றில் நின்றால் வீங்காதா என்றேன்.

அதே வருடம் நாகூரிலிருந்து ரஹ்மத் பீவி வந்தார், கடைக்காரர் வீட்டுப் பெண். சிவந்த மேனி. இரண்டு கன்னமும் நான் படித்த வெள்ளைக்காரர் புத்தகத்துப் படம் மாதிரியே சிவந்திருந்தன. பார்த்தவுடன் லூபஸ் என்றேன். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே உடம்பைத் தாக்கும் நோய் அது, சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். அன்றைக்கே சிறுநீரைச் சோதித்து மருந்து தொடங்கினோம். இதோ, முன்வரிசையில் நலமாக அமர்ந்திருக்கிறார்.

தங்கம்மாளுக்கும் அதே நோய்தான், கறுத்த மேனியில் அது சிவப்பாகத் தெரியவில்லை. அவர் வரத் தொடங்கி எட்டாவது மாதம்தான் எனக்குப் புரிந்தது. அன்று காயாரோகணம் அவருடைய சிறுநீரைக் காய்ச்சியபோது, சிறுநீரகம் கெட்டுக் கசிந்த புரதம் சோதனைக் குழாயில் முட்டை வெள்ளை மாதிரித் திரண்டு நின்றது. பதினோரு நாளில் தங்கம்மாள் போய்விட்டார்.

நான் சும்மா இருந்தேனா? கட்டுரை எழுதினேன்! அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கு இந்த நோயில் சிறுநீரகம் சீக்கிரம் கெடுகிறது என்று படித்திருந்தேன். நம் ஊரிலும் உழைக்கிற சாதிகளுக்கு அதே உடல்வாகு, போதாததற்குத் தாமதமாக வருகிறார்கள் என்று எழுதினேன். மருத்துவப் பத்திரிகையில் அச்சிலும் வந்தது. எத்தனை பாராட்டு!

காயாரோகணம் ஒன்றும் பாராட்டவில்லை. தங்கம்மாளின் கணவர் துரைராசுவைத் தேடிப் போய், அவர் பத்திரமாக வைத்திருந்த ஆறு சீட்டுகளை வாங்கிவந்து என் மேசையில் பரப்பினார். ஆறும் என் கையெழுத்து.

"டாக்டரய்யா, அந்தம்மா எட்டு மாசத்துல ஆறு தடவ வந்திருக்கு. பஸ் ஓடாத அன்னைக்கும் நடந்தே வந்திருக்கு. கடைசித் தடவைக்கு முன்னாடி ஒருதடவகூட நாம மூத்திரம் கேக்கல. இதுல இனம் எங்கேருந்து வந்துச்சு?"

இனத்துக்கு இனம் நோயின் வேகம் மாறலாம். நான் மறுக்கவில்லை, அவரும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு கண்ணாடிக் குழாயும் ஸ்பிரிட் விளக்கும் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல், செத்துப்போன பெண்ணின் ரத்தத்தின் மேல் பழி போடுவதா? வெட்கமாக இல்லையா எனக்கு?

திருத்தம் எழுதி அனுப்புகிறேன் என்றேன். அச்சேறிவிட்டதே என்று கூச்சம். நாலு வருடம் ஓட்டினேன். எதிரில் பட்டால் போதும், "எழுதிட்டீங்களா?" என்பார். போன மாதம் படுக்கையில் கிடந்தபோதும் கேட்டார். சாகப்போகிற மனிதரிடம் இந்த வாரம் என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன்.

நான் மட்டும்தானா? மூட்டுவலி, முகவீக்கம் என்று யார் வந்தாலும், எந்த ஊர், எந்தச் சாதி, என்ன நிறமானாலும் முதல் நாளே சிறுநீர் சோதிக்க உத்தரவு போடுங்கள் என்று அவர் நாலு முறை மனு கொடுத்தார். நாலு முறையும் திருப்பி அனுப்பினோம். இன்றைக்கு ரோஜா மாலை வாங்கி வந்திருக்கிறோம்!

தோழர்களே, காயாரோகணத்தின் வேலையைத் தொடர்வேன் என்று உறுதி கூறுகிறேன். வாய்ப்பேச்சை அவர் நம்பமாட்டார். அதனால் இரண்டு தாள்களோடு வந்திருக்கிறேன். ஒன்று, என் கட்டுரை தவறு, தங்கம்மாள் நேரத்தோடுதான் வந்தார் என்று பத்திரிகைக்கு எழுதிய கடிதம். காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மற்றது அவர் கேட்ட உத்தரவு. கண்காணிப்பாளர் அவர்களே, இந்தாருங்கள் பேனா. போடுங்கள். காயாரோகணத்தின் படத்தை அப்புறம் திறந்துகொள்ளலாம்.