ஆறாவது தட்டு

மணி இரண்டே முக்கால். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகிற நேர்ச்சாலை. ஒரு பக்கம் பூட்டிக் கிடக்கும் கிடங்குகள், இன்னொரு பக்கம் நீளச் சுவர். மூன்று விளக்குக்கு ஒன்றுதான் எரிந்தது. அந்தச் சாலையில் ஒரு ஆள் பைக்கை ஓட்டாமல் தள்ளிக்கொண்டு போனார். பெட்ரோல் இருந்தது. ஓட்டினால் சீக்கிரம் வீடு வந்துவிடுமே என்று பயம்.

அவர் வவ்வாலின் அக்கா புருஷன். வவ்வால் என்பது பட்டப்பெயர்; என்னோடு நைட் ஷிப்டில் இருந்தவன். நான் வேலையை விடுவதற்கு முந்தின வருடம் இதைச் சொன்னான். கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன். நடுவில் யாருக்கும் பாத்ரூம் வரக் கூடாது.

அத்தான் பகலில் ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்ப்பவர். மிச்ச நேரமெல்லாம் பழைய ரெக்கார்ட் பிளேயர். அதிலும் பெரிய இசைத்தட்டு ஓடுகிற மெஷினைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். பக்கத்துக்கு ஒரே பாட்டு இருக்கும் சின்னத் தட்டுக்கென்று செய்த மெஷின்தான் வேண்டும். தேடிப் பிடித்து வாங்குவார், கழற்றித் துடைத்து ஓட வைப்பார். வீட்டில் முப்பத்தொன்று சேர்ந்துவிட்டது. சாப்பாட்டு மேஜையில் நாலு, கட்டிலுக்கடியில் ஆறு. அக்கா சொல்வாளாம்: "என் கழுத்துலயும் ஒரு ஊசிய வெச்சு விடுங்க. அப்பவாச்சும் நான் சொல்றது காதுல விழுதான்னு பாப்போம்."

அந்த அக்காதான் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நெஞ்சில் சளி கட்டி, மூன்றாம் நாள். மூச்சை இழுக்கும்போது கடைசியில் ஒரு சின்ன விசில் கேட்கும். "இங்க நின்னு என்ன பண்ணப் போறீங்க, ஏதாவதுன்னா போன் பண்றோம்" என்று நர்ஸ் அவரைத் துரத்திவிட்டாள்.

வீட்டுக்கு வந்தவருக்குத் தூக்கம் ஏது. முப்பத்தொன்றாவது மெஷின், அடிப்பலகை கழற்றிய நிலையில், மேஜையில் இரண்டு மரக்கட்டை மேல் நின்றது. நடுக்கம்பியில் ஐந்து தட்டை அடுக்கிவிட்டால் ஒவ்வொன்றாகத் தானே விழுந்து பாடும். ஐந்தாவது முடிந்ததும் ஊசியைத் தாங்கும் ஊசிக் கை ஓரமாகப் போய்ப் படுக்க வேண்டும், மெஷின் நிற்க வேண்டும். இது நிற்காது. ஆறாவதாக ஒன்று பாக்கி இருக்கிற மாதிரி மறுபடி தொடங்கும். பழைய கிரீஸ் இறுகி ஏதோ லீவர் மாட்டியிருக்கிறது என்று நினைத்தார். ஸ்பிரிட் விட்டுத் துடைத்தார். ஐந்து தட்டை ஏற்றி ஸ்விட்சைப் போட்டார்.

தட். பாட்டு. தட். பாட்டு. சூடேறிய தூசியின் வாடை. ஐந்தும் ஆயிற்று. ஊசிக் கை தூக்கிக்கொண்டது.

தட்.

எதுவும் விழவில்லை. கம்பி காலி. விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. ஊசிக் கை வந்து இறங்கியது... மேல் தட்டைத் தொடவில்லை. ஒரு தட்டின் கனத்துக்கு மேலே, வெறும் காற்றில் நின்றது. அத்தான் ஒரு விசிட்டிங் கார்டை இடையில் செருகினார். தடையே இல்லாமல் அந்தப் பக்கம் வந்தது.

ஸ்பீக்கரில் கரகரப்பு. அப்புறம் மூச்சு. இழுத்து... கடைசியில் விசில்... விட்டு.

மூன்று நாளாகக் கேட்ட மூச்சு. தெரியாமல் இருக்குமா. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்.

"மூச்சு அடங்கிட்டே வருது. டாக்டரைக் கூப்பிட்டிருக்கோம். நீங்க கிளம்பி வந்துடுங்க" என்றாள் நர்ஸ். போனுக்குள்ளே விசில் கேட்டது. அதே நொடியில் ஸ்பீக்கரிலும்.

அப்போதுதான் கவனித்தார். ஊசி உள்பக்கமாக நகர்ந்துகொண்டே இருந்தது. சின்னத் தட்டு. மிஞ்சிப்போனால் மூன்று நிமிஷம். பாதிக்கு மேல் போய்விட்டது.

நீங்களோ நானோ என்றால் பிளக்கைப் பிடுங்கியிருப்போம். அவர் மெஷின்காரர். பிளக்கைப் பிடுங்கினால் தட்டு நின்றுவிடும், தட்டு நின்றால் மூச்சும் நிற்கும் என்று கணக்குப் போட்டார். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு அடியில் கையை விட்டார். ஊசி நடுவுக்கு வந்துவிட்டது, பாட்டு முடிந்தது என்று மெஷினுக்குச் சொல்ல ஒரு குட்டி லீவர் உண்டு. அதன் ஸ்பிரிங்கைக் குறட்டால் பிடுங்கிப் போட்டார்.

ஊசி கடைசி வளையத்துக்கு வந்தது. கை தூக்கிக்கொள்ளவில்லை. அங்கேயே சுற்றியது. இழுத்து... இழுத்து... இழுத்து... விடுகிற பாகம் வரவேயில்லை.

போன் அடித்தது. "பொழச்சிட்டாங்க" என்றாள் நர்ஸ். "எப்படின்னு என்னக் கேக்காதீங்க."

பன்னிரண்டாம் நாள் அக்கா வீட்டுக்கு வந்தாள். சமைத்தாள், துவைத்தாள், டிவி பார்த்தாள். மற்ற முப்பது மெஷினையும் அத்தான் விற்றுத் தலைமுழுகினார். இது மட்டும் உள்ளறையில் இரவும் பகலும் ஓடியது. கரண்ட் போனால் ஓட்ட இரண்டு பேட்டரி. ஏன் ஓடுகிறது என்று அக்கா கேட்கவில்லை. வாய் ஓயாத அக்கா, அப்புறம் எதையுமே கேட்கவில்லை.

ஏழு மாதம் கழித்து ஒரு ராத்திரி வவ்வாலுக்குப் போன். "மச்சான், உடனே வா."

மோட்டாருக்கும் தட்டு சுற்றும் வட்டத்துக்கும் நடுவில் ஒரு ரப்பர் சக்கரம். அது தேய்ந்து நழுவ ஆரம்பித்திருந்தது. சாயங்காலம் அக்கா மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டாளாம். உதடெல்லாம் நீலம். அத்தான் அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் அவனிடம் சொன்னார். மழைக்கு ஒதுங்கினவன் பேசுகிற மாதிரி, முகத்தைப் பார்க்காமல்.

"புது சக்கரம் மாட்ட மூணு நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் நீ விரலால சுத்து. நிமிஷத்துக்கு நாப்பத்தஞ்சு சுத்து. கூடக் கூடாது, குறையக் கூடாது."

"கணக்கு தப்பிட்டா என்ன ஆகும், அத்தான்?"

"உங்க அக்காடா அது."

வவ்வால் வட்டத்தின் ஓரத்தில் விரலை வைத்துச் சுற்றினான். அத்தான் அடியில் கையை விட்டார். பக்கத்து அறைக் கதவு திறந்திருந்தது. கட்டிலில் அக்கா ஒருக்களித்துத் தூங்கினாள். ஸ்பீக்கரில் இழுத்து... இழுத்து... விரல் வியர்த்தது. ஒரு சுற்று வழுக்கிவிட்டது.

இழுப்பு அறுந்தது. மூச்சு வெளியே வந்தது. நீளமாக, ஈரமாக... அந்த மூச்சிலேயே பேச்சும் வந்தது. அக்கா குரல்.

"தம்பி... நீயா? என் கட்டில்ல படுத்திருக்கறது யாருடா?"

அத்தான் தலையைத் தூக்கவில்லை.

"சக்கரம் நழுவுனதுலேர்ந்து அவ அதத்தான் கேட்டுட்டு இருக்கா. நீ சுத்து."

வவ்வால் சுற்றினான். குரல் அறுந்து, இழுப்பு திரும்பி வந்தது. மெல்லக் கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தான். அதே ஒருக்களிப்பு. வாய் மூடித்தான் இருந்தது. கண்கள் மட்டும் திறந்து, அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தன.