ஹொலிச் செடிக்கு நல்லதண்ணி

தேத்தண்ணி வாய்க்கு நன்றாக இருக்கிறதா, விதானையார்? ஆறுமுன் குடியுங்கள். ஊர் அதிகாரி நீங்களே இந்த வெய்யிலுக்குள் நடந்து வந்திருக்கிறீர்கள், பாவம். ஊரெல்லாம் காய்ந்து கிடக்க என் முற்றம் மட்டும் எப்படிப் பச்சை என்று கேட்டீர்கள். சொல்கிறேன். ஒளிக்க ஒன்றுமில்லை.

அதுதான் ஹொலி. நத்தார் வாழ்த்து அட்டைகளில் இருக்குமே, முள்ளிலைச் செடி. நுவரெலியாவில் துரை வீட்டுக் குசினியில் சமையல் வேலைக்கு நின்ற என் தம்பி அல்பேர்ட், துரை சீமைக்குக் கப்பலேறியபோது சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தான். முழங்காலளவு உயரம். எண்ணெய் தடவினதுபோல் மினுக்கம். "அக்கா, நுனியை நுள்ளி நுள்ளி விடு, பந்து மாதிரி வரும். வேர் குளிர்ந்தபடி இருக்கவேணும். உப்பு மட்டும் காட்டிப்போடாதை," என்றான்.

முள்ளிவாய்க்கால் மணலில், கடலுக்குக் கல்லெறி தூரத்தில், உப்புக் காட்டாமல் வளர்ப்பதென்றால் பாருங்கள். தென்னோலைக் கிடுகால் பந்தல் போட்டேன். வேரடியில் ஈரச்சாக்கு விரித்தேன். கடற்காற்று இலையில் பூசிவிட்டுப் போகும் உப்பைக் காலையில் துணியால் துடைத்தேன். ஒரு தளிர் கண்டால் அன்று முழுக்க எனக்குக் கால் நிலத்தில் நில்லாது. அடுப்பில் கறி தீய, நான் முற்றத்தில் தனியே நின்று சிரிப்பேன். நத்தாருக்கு அதை இயேசு பாலன் குடிலடியில் வைக்கவேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

பக்கத்து வீட்டு மார்கிறட் கைக்குழந்தையை இடுப்பில் இருத்திக்கொண்டு வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பாள்.

"புனிதமக்கா, உந்த முள்ளுப்பத்தைக்கு எப்ப ஞானஸ்நானம்?"

"நீ ஞானத்தாயா நிண்டால் வாற ஞாயிறே வைப்பம்."

"ஐயோ, கொஞ்சினால் சொண்டெல்லே கிழியும்."

வயிறு நோகச் சிரிப்போம். தங்கமான பிள்ளை அவள்.

பிறகு வறண்ட கச்சான் காற்று எழும்பியது. ஊருக்கு இருந்த ஒரே நல்லதண்ணிக் கிணறு அடிக்கு இறங்கியது. வீட்டுக்கு ஒரு குடம் என்று, வள்ளமும் வலையும் வைத்து ஊரை நடத்தும் சம்மாட்டி ஸ்ரீபன் கட்டளை போட்டார். செடிக்கும் ஒன்று கேட்டேன். "மனிசருக்கே நாக்கு வறளுது, உனக்குப் பத்தைக்குத் தண்ணியோ? விசரி," என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அன்று பின்னேரம் அடியிலைகள் மஞ்சளித்திருந்தன.

எங்கள் கரையில் கிணறு உவராவது புதிதல்ல. ஒருதரம் உவர்த்தால் கடல் உள்ளே வந்துவிட்டது என்று கைவிடுவார்கள். மாரிமழை வரைக்கும் ஒருவரும் நாக்கில் வைத்தும் பார்க்கமாட்டார்கள். எல்லோரும் அள்ளுவது கிணற்றடியில் தொங்கும் ஒரே பனையோலைப் பட்டையால். அதன் மடிப்புகளுக்குள் கருவாட்டு உப்பை வைத்து அழுத்தினேன். கிணற்றுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அது பாட்டுக்கு இனித்துக்கொண்டிருந்தது.

சம்மாட்டியே ஒரு வாய் குடித்துத் துப்பினார். கிணற்றைப் பலகையால் மூடி, சுற்றி முழங்காலில் நின்று செபமாலை சொன்னோம். என் குரல்தான் உரத்து நின்றது. சிரிப்பு வராமலிருக்க வேறு வழி தெரியவில்லை, மாதா மன்னிக்கட்டும்.

அதன்பிறகு கருக்கலில் பலகையை நீக்கி, என் வாளியால் அள்ளுவேன். தளிர்கள் போட்டிக்கு வந்தன. ஊரார் எருமை படுக்கும் குட்டையில் அள்ளினார்கள். காய்ச்சிக் குடிப்பார்கள் என்று நினைத்தேன். காய்ச்சாதது அவர்கள் பிழை. வயிற்றோட்டம் வந்தது. ஸ்ரீபனின் தாய் போய்ச் சேர்ந்தா.

ஒருநாள் மார்கிறட் வேலியடிக்கு ஓடிவந்தாள். "அக்கா, ஒரு மிடறு நல்லதண்ணி இருக்கே? பிள்ளை குட்டைத் தண்ணியைக் கக்குது." குடத்தை அப்போதுதான் வேரடியில் கவிழ்த்திருந்தேன். "இல்லையடி பிள்ளை," என்றேன். அது பொய்யில்லை.

சின்னப் பெட்டிக்குள் வைக்க, முதன்முதலாக ஒரு கொப்பு வெட்டிக் கொடுத்தேன். வெள்ளைத் துணியில் அந்தப் பச்சை எவ்வளவு எடுப்பாக இருந்தது தெரியுமா. எல்லோரும் அழுதார்கள். என் நெஞ்சு பூரித்துப் போனது.

ஏன் கோப்பையை வைத்துவிட்டீர்கள்? ஓம், அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். இனிக்கிறதல்லவா.

சரி, பொலிசுக்குத்தானே? புறப்படுவோம். ஒரேயொரு உதவி. வாளி கதவுக்குப் பின்னால் இருக்கிறது. காலையும் மாலையும் ஒவ்வொரு குடம் ஊற்றச் சொல்லி மார்கிறட்டிடம் சொல்லுங்கள். மறுக்கமாட்டாள். அவள்தானே ஞானத்தாய்; இப்போது இடுப்பிலும் பாரமில்லை.