ஸ்கேனில் தெரியாத முதுகுவலி

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். நாலாவது வரைதான் படித்தேன், மன்னிக்கவும்.

காலையில் பெங்களூரு போகும் ரயில். முதுகுவலிக்காரி ஒருத்தி ஊரிகம் ஸ்டேஷனில் ஏறினாள். அவளுக்காகப் பை போட்டு இடம் பிடித்திருந்த தோழியிடம் சொன்னாள்:

“எலும்பு ஒடஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்க்கா. ஸ்கேன்ல ஒண்ணுமில்ல. இனிமே எனக்கு எடம் புடிக்காத.”

“நோவு போயிடுச்சா?”

“அப்படியேதான் கீது. நாலு வருசமா கம்பெனில திட்டு வாங்கி டென்சன்லயே இருந்ததுல தூக்கம் கெட்டு, சதை இறுகி, நரம்பு சின்னதுக்கெல்லாம் கத்துதாம். டாக்டர் சொல்றாரு.”

“உங்க கம்பெனி சூப்பர்வைசரு ஸ்கேன்ல தெரியலியா?”

அவள் சிரிக்கவில்லை.

“நோவு நெசம்தான்னும் சொல்றாரு. ஒண்ணுமே இல்லாம எப்படிக்கா நோவும்? நெசமா முடியாதவங்க யாராவது உக்காரட்டும்.”

“அப்ப நீ யாருடி?”

தோழி பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முதுகுவலிக்காரி உட்காராமல், இடுப்பைப் பிடித்தபடி கம்பியில் சாய்ந்து நின்றாள். அத்தனை நெரிசலிலும் பங்காருப்பேட்டை வரை அந்த இடம் காலியாகவே வந்தது. நின்றுகொண்டிருந்த எங்களில் ஒருவரும் அதில் உட்காரவில்லை. ஏன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து எழுதியது, ஜூலை 14, ஞாயிறு.