புத்தம்புது அரண்மனைகளுக்கு வயது கொடுத்த அக்காவுக்கு

பளபளக்கும் பலகையைப் பாட்டன் காலத்துக் கதவாக்கிய பெருந்தகையே! நேற்று வார்த்த சுவரில் பல நூற்றாண்டு மழையைப் பெய்வித்தவரே! எங்கள் கலைத்துறைக் கூடத்தின் கடைசித் தூரிகையே! அன்பான அக்கா, வணக்கம்.

உங்கள் பணி ஓய்வு விழாவுக்குக் கணக்குப் பிரிவிலிருந்து வந்திருக்கும் விருந்தினர்களுக்காக உங்கள் வேலையை ஒருமுறை சொல்லிவிடுகிறோம். மேகத்தில் மிதக்கும் கோட்டை வேண்டும் என்று இயக்குநர் எளிதாகச் சொல்லிவிடுவார். ஓவியர் வரைவார், அட்டையில் சிறு மாதிரி செய்து, வெளிச்சம் எங்கே விழும், கேமரா எங்கே நுழையும் என்று பார்ப்போம். தச்சர்கள் சட்டம் அடிப்பார்கள்; வார்ப்புக்காரர்கள் பிளாஸ்டரில் கல் செய்வார்கள்; பிறகு வண்ணம். எல்லாம் முடிந்தபின் அது கோட்டை மாதிரி இருக்காது, புதுச் சாமான் விற்கும் கடை மாதிரி இருக்கும். யாரும் வாழாத உலகத்தை யார் நம்புவார்? அப்போதுதான் உங்களைக் கூப்பிடுவோம். கூப்பிட்டுவிட்டு நாங்கள் வெளியேறிவிடுவோம். ஈரம் காயும்வரை ஒருவர் கால்கூடப் படக் கூடாதே! ஓர் ஊரே வாழ்ந்த தடத்தை உண்டாக்க, நீங்கள் மட்டும் உள்ளே தனியாக இருப்பீர்கள்.

தேய்ப்புத் தாள், தேயிலைத் தண்ணீர், மெழுகு, சாம்பல். இவ்வளவுதான் உங்கள் சரக்கு. ஆனால் அவற்றைத் தொடுமுன், இங்கே இருந்தது யார் என்று யோசிப்பீர்கள். படிக்கட்டின் நடுவைத் தேய்ப்பீர்கள், ஓரத்தை விட்டுவிடுவீர்கள். கதவில் கைபடும் உயரத்தில் ஓர் எண்ணெய்க் கறை. அதற்குக் கீழே, குழந்தைக்கு எட்டும் உயரத்தில், இன்னொன்று. கதையில் குழந்தையே இல்லையே என்று உதவி இயக்குநர் கேட்டதற்கு, “இருந்திருக்கும் தம்பி. வளர்ந்து எங்கேயாவது போயிருக்கும்” என்றீர்கள்.

“ஒரே அழுக்கா கெடந்துச்சு, பளிச்சுன்னு தொடச்சுட்டேன்!” என்று துப்புரவுப் பெண் பெருமையோடு வந்து நின்ற அன்று நாங்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்தோம். நீங்களோ, “இதைவிடப் பெரிய விருது எனக்கு யாரு தருவா?” என்று சிரித்து, மறுபடி வாளியைத் தூக்கினீர்கள்.

சூனியக்காரியின் கோபுரத்தை மறக்க முடியுமா? யுகயுகமாய்த் தனியே வாழும் கிழவியின் அறை. அடுப்போரம் ஒரே மாதிரி இரண்டு நாற்காலிகள். ஒன்றில் கைப்பிடி வார்னிஷ் போய், மெத்தையில் பள்ளம் விழுந்திருந்தது. மற்றது தச்சர் தந்தபடியே இருந்தது. கலை இயக்குநர் பதறினார்.

“அக்கா, இதை மறந்துட்டீங்களே!”

“மறக்கலை தம்பி. அந்தக் கிழவியைப் பார்க்க யாரு வர்றா?”

“படம் பார்க்கிறவங்களுக்கு இதெல்லாம் புரியுமா?”

“எங்க வீட்டுலயும் ரெண்டு நாற்காலி இருக்கு. எனக்குப் புரியுதே.”

படத்தில் அந்த இடத்தில் வசனமில்லை. கேமரா இரண்டு நாற்காலிகளையும் மெல்லக் கடந்து போகும், அவ்வளவுதான். அரங்கில் ஓர் இருமல்கூடக் கேட்கவில்லை.

சென்ற வாரம் தச்சு மேஸ்திரி, “இனிமே எதைக்கா பழசாக்கப் போறீங்க?” என்று கேலி செய்தார். “வீட்டுல அந்த நாற்காலி பாக்கி இருக்கு. அதுக்கு என் சரக்கு உதவாது, ஆள் வேணும்” என்று சொல்லிவிட்டு, தூரிகை கழுவப் போய்விட்டீர்கள். வெகுநேரம் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

ஆகவே அக்கா, நினைவுப் பரிசாகப் புது நாற்காலி வாங்கலாம் என்று எழுந்த யோசனையைத் தள்ளிவிட்டோம். உங்களிடம் இருப்பதே போதும். மேஸ்திரி கனத்த உடம்புக்காரர். மெத்தையில் பள்ளம் விழ அவர் பொறுப்பு. கலை இயக்குநர் பேசும்போது கை சும்மா இருக்காது. வார்னிஷ் போக அவர் பொறுப்பு. படப்பிடிப்பு இருந்தால் நாங்கள் வராத வாரங்களும் உண்டு, உங்களுக்குத் தெரியாததா? எனவே வேலை மெதுவாகத்தான் நடக்கும். உண்மையான தேய்மானம் அப்படித்தான் என்று சொன்னவரும் நீங்கள்தானே!

நோயின்றி, குறையின்றி, நெடுங்காலம் வாழ்க! அந்த நாற்காலி, உங்கள் கைபடாமல், உங்கள் கண்ணெதிரே பழசாகட்டும்!

உட்கார வரும்,
கலைத்துறைத் தோழர்கள்