தெருவில் நனைந்த பாவு

— கைய வுடுயா. மழைதான் நின்னுடுச்சே, இன்னும் எதுக்கு என் கையப் புடிச்சிக்கினு இருக்கற?

— வுட்டா நீ ஓடுவ, அம்சா.

— இனிமே ஓடி இன்னா ஆவப் போவுது? பாரு, பக்கத்து வூட்டு சபாபதி அண்ணன் பாவு நூலு மொத்தமும் சேத்துல கெடக்குது. கஞ்சி தெளிச்ச பட்டு, இழையோட இழை ஒட்டிக்கிச்சி. இத இனிமே எந்தத் தறியில ஏத்தறது? அந்த மனுசன் ஒரு முனையப் புடிச்சிக்கினு, "வாங்கப்பா, வாங்கப்பா"ன்னு கத்தினாரே. உன் காதுல வுழல?

— வுழுந்துச்சி.

— தெருவுல பாவு விரிச்சி மழை வந்தா, யார் வூட்டுதுன்னு கேட்டுக்கினா ஓடுவோம்? எச்சிக் கையோட ஓடியிருக்கற ஆளு நீ.

— நான் இன்னா பண்ண சொல்ற? நேத்து கோயில் மண்டபத்துல தெருவே கூடிப் பேசிடுச்சி. அந்த வூட்டுக் காரியத்துக்கு யாரும் கை குடுக்கக் கூடாதுன்னு கட்டுப்பாடு. எல்லாரும் கற்பூரம் அடிச்சி சத்தியம் பண்ணாங்க. நானும் பண்ணேன்.

— அப்படி இன்னா கொல பண்ணிட்டாங்க? அவரு பொண்ணு தேவகி செவிலிமேட்டுப் பையனக் கட்டிக்கிச்சி. அவ்ளோதானே?

— பையன் எந்தத் தெருவுன்னு சொல்லு. சேரிக்காரன், அதுவும் சர்ச்சுக்குப் போற வேதக்காரன். கட்டிக்கினு எங்கனா போய்த் தொலஞ்சா பரவால்ல. வூட்டுக்குக் கூப்ட்டு, எல போட்டு, மாப்ளன்னு பக்கத்துல ஒக்காந்து சாப்டாரே சபாபதி!

— பெத்த பொண்ணு வந்தா எல்லம்மாக்கா சோறு போடாம தொரத்துவாங்களா? நான் புள்ள பெத்துக் கெடந்தப்ப உனக்கு ஆக்கிப் போட்டது அந்தக்காதானே. அப்ப ருசியா இருந்துச்சில்ல? அத வுடு. போன எலெக்‌ஷனுக்குத் தேரடி மீட்டிங்குல சாதி ஒழியணும்னு பேசினாங்களே, மொத ஆளா கை தட்டினது யாரு? தோள்ல கட்சித் துண்டு வேற!

— அது மீட்டிங்கு, அம்சா. இது தெரு. நாளைக்கு நம்ம பாவ விரிச்சா யார் வருவா? நம்ம பொண்ண யார் கட்டுவா? நான் எறங்கியிருந்தா, அடுத்த கட்டுப்பாடு நமக்குதான்.

— சரி, நீ எறங்கல. நான் எறங்கினேனே, என்ன ஏன் இழுத்த? பாரு, வளையல் ஒடஞ்சி ரத்தம் வருது.

— எதுத்த வூட்டு கோதண்டபாணி என்னையே பாத்துக்கினு இருந்தான்.

— அவனும் உன்ன மாதிரிதான்யா. நீ எறங்குவியான்னு பாத்தான். அவன் கால் ஒண்ணு படிக்குக் கீழ இருந்துச்சி. நீ என்ன உள்ள இழுத்ததும் அவனும் ஏறிக்கினான்.

— எனக்கு மட்டும் நல்லாவா இருக்குது? அவரு மொதல்ல என் பேரத்தான் கூப்ட்டாரு. "தொரை, தொரை"ன்னு. நான் மூஞ்சியத் திருப்பிக்கினேன். வெக்கமாத்தான் இருக்குது. போதுமா?

— ஐயையோ, பட்டு! கொல்லையில நம்ம பட்டு! காலையில சாயம் தோச்சி மூங்கில்ல காயப் போட்டது!

— அடிப்பாவி, மொதலாளி வூட்டுக் கல்யாணத்துக்குடி அது! நவுரு, வழி வுடு!

— ஓடு, ஓடு. வாசல்லயே நின்னு வேடிக்கை பாத்தோமே, ஒருத்தருக்காவது ஞாபகம் வந்துச்சா!

— அம்சா! இங்க வந்து பாரு! மூங்கில்ல ஒண்ணுமே இல்ல!

— கீழ வுழுந்திருக்கும். நல்லா தேடிப் பாருயா.

— இன்னாத்தத் தேடறது? சபாபதி வூட்டாளுங்கதான். ரெண்டு கொல்லைக்கும் நடுவுல இருக்கறது ஒரு ஓலத் தட்டி. பாவு போன ஆத்திரத்துல நம்மளுதத் தூக்கிக்கினு போய்ட்டாங்க. தெரு சொன்னது சரியாப் போச்சி பாத்தியா, அவங்க புத்தியே மாறிப்போச்சி. கோதண்டபாணி! டேய் கோதண்டபாணி! எல்லாரையும் கூப்டுடா!

— கத்தாத! அவரு கூப்டறப்ப தொறக்காத வாயி, இதுக்கு மட்டும் தொறக்குதா? இரு, யாரோ கொல்லக் கதவத் தட்டறாங்க.

— அம்சா, நான்தான், எல்லம்மா. தொறம்மா. கை ரெண்டும் காலியா இல்ல.

— அக்கா! இன்னாக்கா இது? எங்க பட்டா?

— ஆமாம்மா. ஒரு சொட்டு படல, தொட்டுப் பாரு. தூறல் வுழுந்ததுமே எடுத்து எங்க கூடத்துல வச்சிட்டேன். தொரை தம்பி எதுக்கு செவுத்தப் பாத்துக்கினு நிக்குது?

— உங்க பாவு தெருவுல நனையறப்பவாக்கா எங்க பட்ட எடுத்தீங்க?

— கட்டுப்பாடு போட்டாங்கன்னு தெரியும்மா. அது நல்லது கெட்டதுக்குதானே, மழைக்கு இருக்காதுன்னு நெனச்சிட்டேன். எங்க பாவு தெருவுல கெடக்குது, புடிக்க நீங்கல்லாம் இருக்கீங்க, உங்க பட்டுக்குதான் யாரும் இல்லன்னு இங்க ஓடியாந்தேன்.